டர்பனிலிருந்து விமானம் ஏறாமல் பனியாறு பார்க்க: திரும்பி வரும் கப்பலை முதலில் பிடியுங்கள்

தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனின் மெர்பேங்கிலிருந்து ஒரு மகள் கேட்டிருந்தார். அப்பாவுக்கு 72 வயது. நுரையீரல் பலவீனம், சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய். இரவில் சில சமயம் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்கிறார். டாக்டர் விமானமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாவதற்குள் ஒரு பனியாற்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. “கப்பலிலேயே போய்க் கப்பலிலேயே வர முடியுமா? எவ்வளவு நாள் ஆகும்? அக்கா இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள், அது ஏதாவது உதவுமா?” இவ்வளவுதான் கேள்வி. டர்பனில் கப்பல் பயணங்கள் பதிவு செய்து கொடுப்பதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடியும். ஆனால் டர்பனில் ஏறி, பனியாற்றைப் பார்த்துவிட்டு, அதே கப்பலில் டர்பனில் இறங்குகிற மாதிரி ஒரு பயணம் கிடையாது. கேப் டவுனிலும் சாதாரணமாகக் கிடையாது. மூன்று தனித்தனிப் பயணங்களை ஒட்டவைக்க வேண்டும்: வடக்கே போக ஒன்று, பனியாறு பார்க்க ஒன்று, வீடு திரும்ப ஒன்று. சித்திரை பிறக்கும்போது கிளம்பினால் தீபாவளி கழிந்துதான் திரும்புவீர்கள். பனியாறு இதில் சுலபமான பகுதி. திரும்பி வருவதுதான் கஷ்டம். உங்கள் அக்கா லெஸ்டரில் இருப்பது சின்ன உதவி இல்லை, அதை நம்பித்தான் இந்தத் திட்டமே நிற்கிறது. ஏன் என்று கீழே வருகிறேன்.

அதற்கு முன், இங்கே யாரைக் கேட்டாலும் சொல்லும் சில யோசனைகளைத் தள்ளிவிடலாம். ஆப்பிரிக்காவில் மிச்சம் இருக்கிற பனியாறுகள் கிளிமஞ்சாரோ, கென்யா மலை, ருவென்சோரி உச்சிகளில்தான். அப்பாவின் நுரையீரலுக்கு அது பேச்சே இல்லை. டர்பன் துறைமுகத்திலிருந்து கோடையில் கிளம்பும் எம்எஸ்சி கம்பெனியின் சுற்றுலாக் கப்பல்கள் மொசாம்பிக் பக்கம் போர்ச்சுகீஸ் தீவு, போமென் என்று வெயில் காயத்தான் போகின்றன. கேப் டவுனில் நிற்குமே, சிவப்பு நிற எஸ்.ஏ. அகுல்லாஸ் 2, அதில் போகலாமா என்று வருடத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். 2022இல், அண்டார்டிகா பயணி ஷேக்கில்டனின் மூழ்கிப்போன எண்டியூரன்ஸ் கப்பலை வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்த குழு போனது அதில்தான். அண்டார்டிகாவில் நம் நாட்டுத் தளமான சனே 4க்குச் சாமானும் விஞ்ஞானிகளும் ஏற்றிப்போகும் அரசுக் கப்பல் அது. டிக்கெட் விற்க மாட்டார்கள்.

இன்னொன்று, தென்கடலில் இருக்கும் நம் மரியன் தீவு. பறவை பார்க்கிறவர்களுக்காக பேர்ட்லைஃப் அமைப்பு ஒரு முழு எம்எஸ்சி கப்பலைப் பிடித்து 2022 ஜனவரியில் கேப் டவுனிலிருந்தும் 2025 ஜனவரியில் டர்பனிலிருந்தும் மரியன் பக்கம் போய் வந்தது. விமானமே இல்லாமல், நம் வாசலிலிருந்தே தென்கடல். ஆசைப்படத்தான் தோன்றும். ஆனால் அங்கே பார்க்கப் போவது ஆல்பட்ராஸ் பறவை, பனியாறு அல்ல. மரியனின் உச்சியில் நிரந்தரப் பனி ஒரு காலத்தில் இருந்தது, கடந்த சில பத்தாண்டுகளில் உருகிப் போய்விட்டது. தவிர, அந்தப் பயணம் வருடாவருடம் நடக்கிற ஒன்றும் இல்லை.

தென் திசையில் நிஜமாகவே பனியாறு காட்டும் கப்பல்கள் உண்டு. அண்டார்டிகா சீசன் முடியும் மார்ச், ஏப்ரல் வாக்கில் துருவப் பக்கம் போகும் சில சின்ன எக்ஸ்பெடிஷன் கப்பல்கள் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கிளம்பி, சவுத் ஜார்ஜியா, டிரிஸ்டன் டா குன்யா தீவுகள் வழியாக கேப் டவுனில் வந்து முடியும். சவுத் ஜார்ஜியாவில் பனியாறுகள் நேராகக் கடலுக்குள் இறங்கும், ஷேக்கில்டனின் கல்லறையும் அங்கேதான். அர்ஜென்டினாவுக்கு நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம் என்பது இன்னொரு வசதி. ஆனால் உஷுவாயாவுக்கு விமானம் இல்லாமல் எப்படிப் போவீர்கள்? தென் அமெரிக்காவுக்குக் கடல் தாண்டும் ஒரு கப்பலைப் பிடித்து, பியூனஸ் அயர்ஸில் இறங்கி, அங்கிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் பஸ். முப்பது வயதுக்காரருக்குச் சொல்வேன். மூச்சு வாங்குகிற ஒரு பெரியவரை, ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரத் தொலைவில் இருக்கும் கடலில் கொண்டுபோய் வைக்க நான் உதவ மாட்டேன். அந்தக் கம்பெனிகள் கேட்கும் டாக்டர் சர்டிபிகேட்டிலேயே அது நின்றுவிடும்.

ஆக, வடக்கு.

யூனியன் காசில் கம்பெனியின் கப்பல்கள் ஓடிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. வாரம் தவறாமல் வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு சவுத்தாம்ப்டனிலிருந்து கேப் டவுனுக்கு மெயில் கப்பல் புறப்படும். 1977இல் அது நின்றது. பம்பாய்க்குப் போன கரஞ்சா, கம்பாலா கப்பல்களும் அதற்கு முன்பின்னாக நின்றுபோயின. அப்பாவுக்கு அவை ஞாபகம் இருக்கும், கேட்டுப்பாருங்கள். இன்று கேப் டவுனுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கால அட்டவணை போட்டு ஓடும் பயணிகள் கப்பல் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கரையில் சீசன் முடிந்து வேறு கரைக்கு இடம் மாறும் கப்பல்களும், உலகம் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் கப்பல்களும்.

இந்த இரண்டு வகைக்கும் ஒரு பருவ ஒழுங்கு உண்டு. ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய கப்பல்கள் மார்ச், ஏப்ரல் வாக்கில் கேப் டவுன் வழியாக சவுத்தாம்ப்டன் திரும்பும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கிய பிறகு, சூயஸ் வழியே போக வேண்டியவை பல நம் பக்கம் திரும்பின, அதனால் முன்னைவிட வாய்ப்பு கூடியது. நம் கரையில் கோடை முழுக்க ஓடிய கப்பலும் சீசன் முடிந்ததும் ஏப்ரல் வாக்கில் மத்தியதரைக் கடலுக்குப் போகும். அதாவது எல்லாமே மார்ச், ஏப்ரலில் வடக்கே போகின்றன. தெற்கே வருவதோ அக்டோபர், நவம்பர் முதல் ஜனவரி வரை. நடுவில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, நம் பக்கம் வரும் கப்பல் அநேகமாக இல்லை. வடதுருவப் பனியாறுகளைப் பார்க்கும் பருவமும் சரியாக அதே மாதங்கள்தான். போவதற்கும் வருவதற்கும் நடுவே அப்பா ஐரோப்பாவில் ஏறக்குறைய ஆறு மாதம் எங்கேயாவது தங்கியாக வேண்டும் என்பது இதனால்தான்.

இங்கேதான் அக்கா வருகிறார். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசாவில், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவில், எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். இத்தாலியிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து நவம்பர் வரை காத்திருக்க முடியாது. பிரிட்டன் விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். மே மாத முதல் வாரத்தில் சவுத்தாம்ப்டனில் இறங்கினால் அக்டோபர் கடைசி வரை லெஸ்டரில் இருக்கலாம், நடுவில் ஒரு தடவை பனியாறு பார்த்துவிட்டு வரலாம். இலவச அறையும் சாப்பாடும் இல்லாமல் இந்தத் திட்டத்தைப் போட்டால் ஓட்டல் செலவிலேயே முடிந்துபோகும். ரேண்டைப் பவுண்டாக மாற்றிப் பார்த்தால் உங்களுக்கே புரியும். புரட்டாசி விரதமும் அக்கா வீட்டிலேயே கழியும்.

விசாவை இங்கேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். விசிட்டராக இங்கிலாந்துக்குப் போனபின் அங்கிருந்து ஷெங்கனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பம் வாங்க மாட்டார்கள். பல தடவை நுழையும் வகையாகக் கேளுங்கள், ஏனென்றால் போகும்போது கேனரி தீவுகள் அல்லது லிஸ்பன், நடுவில் நார்வே அல்லது ஐஸ்லாந்து, திரும்பும்போது இத்தாலி என்று மூன்று தடவை உள்ளே போவீர்கள். மூன்று பயணத்தின் டிக்கெட்டையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்த வகை கிடைக்க நியாயம் இருக்கும். கிரீன்லாந்து போகிற எண்ணம் இருந்தால் இன்னொரு முடிச்சு: கிரீன்லாந்து ஷெங்கனில் இல்லை. டென்மார்க் வழியாக விண்ணப்பித்து, கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று தனியாக எழுதி வாங்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கப்போவதில்லை என்றாலும் இது வேண்டுமா என்பதைக் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வடக்கே போகும் கப்பல் பெரும்பாலும் வால்விஸ் பே, சில சமயம் செயின்ட் ஹெலினா, அப்புறம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்றிரண்டு துறைமுகம், கேனரி என்று போகும். கானாவோ செனகலோ வழியில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்பார்கள். 60 வயதுக்கு மேல் முதல் தடவையாக அந்த ஊசி போடுவதில் ஆபத்து கூடுதல். கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் துறைமுகப் பட்டியலைப் பாருங்கள், மேற்கு ஆப்பிரிக்காவைத் தொடாத கப்பல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள். டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் காரில்தான். என்3 நெடுஞ்சாலை வழியாகப் போனால் வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறணும், அப்புறம் வெகுதூரம் மேட்டு நிலம். நாள் கூட ஆனாலும் என்2 வழியாக, நடுவில் இரண்டு இரவு தங்கி, போங்கள்.

இப்போது பனியாறு. சவுத்தாம்ப்டன், டோவர், லிவர்பூல் போன்ற இடங்களில் ஏறி அங்கேயே இறங்கும் பயணங்கள் ஐரோப்பாவின் கோடை முழுக்க உண்டு. அப்பாவுக்கு இரண்டு விதமான அனுபவம் கிடைக்கும், எது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்று, நார்வேயின் ஓல்டன். சுமார் ஒரு வாரப் பயணம், கடலும் அதிகம் படுத்தாது. ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் மிகப் பெரிய பனியாறு யோஸ்டடால்ஸ்பிரீன், அதன் ஒரு கிளை பிரிக்ஸ்டால். ஓல்டனில் கப்பல் நின்றதும் பஸ்ஸில் பள்ளத்தாக்கின் கோடி வரை போய், அங்கிருந்து ‘டிரோல் கார்’ என்கிற திறந்த சிறு வண்டியில் ஏறலாம், கடைசிக் கொஞ்ச தூரம் நடை. வழியில் அருவியின் சாரல் அடிக்கும், முழங்காலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் போர்வை தருவார்கள். எனக்குப் பிடித்த இடம்தான். ஆனால் பழைய போட்டோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1990களின் நடுவில் அந்தப் பனி நாக்கு கீழே உள்ள ஏரியையே மூடிக்கொண்டு நின்றது. 2000க்குப் பிறகு பின்வாங்கத் தொடங்கி, இப்போது ஏரிக்கு மேலே பாறையில் ஏறிப் போய்விட்டது. ஏரிக்கரையில் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். பனியாற்றைப் பார்த்த மாதிரியும் இருக்கும், எட்ட நின்ற மாதிரியும் இருக்கும்.

இன்னொன்று, கிரீன்லாந்தின் தென்முனையில் பிரின்ஸ் கிறிஸ்டியன் சவுண்ட். சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய கடல் வழி, இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, அவற்றின் நடுவே பனியாறுகள் தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கும். நடக்க முடியாதவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, கப்பல்தான் பனியிடம் போகிறது. கேப்டன் வேகத்தைக் குறைத்துவிடுவார், எஞ்சின் சத்தம் அடங்கும். தூரத்தில் ஒரு முகப்பு உடைந்தால் முதலில் கண்ணில் படுவது விழும் பனி, இடி மாதிரிச் சத்தம் பிறகுதான் வந்து சேரும். அதனால் சத்தம் கேட்டுத் திரும்பினால் பார்க்கக் கிடைப்பது தண்ணீர் கலங்கியது மட்டுமே. பனியையே விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் மிதக்கும் சின்னத் துண்டுகள் அப்பளம் பொரிகிற மாதிரி படபடக்கும். பனிக்குள் எத்தனையோ நூறு வருடமாக அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்கள் வெடிக்கிற சத்தம் அது. நீல நிறம் வெயில் நாளைவிட மேகம் மூடிய நாளில் நன்றாகத் தெரியும், எனவே மப்பாக இருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். அழுத்தத்தில் குமிழ்கள் நசுங்கி இறுகிய பனி, ஒளியில் சிவப்பை விழுங்கி நீலத்தை விட்டுவிடுகிறது.

இதில் ஒரு நிச்சயமின்மை உண்டு. கிழக்குக் கரையிலிருந்து மிதந்து வரும் கடல் பனி, கோடைத் தொடக்கத்தில் அந்த வழியை அடைத்துக்கொள்ளும். கேப்டன் வாசலில் நின்று பார்த்துவிட்டு வெளியே சுற்றிப் போய்விடலாம், பணம் திரும்ப வராது. ஆகஸ்டில் போனால் வாய்ப்பு நல்லது. பயணம் இரண்டு வாரத்துக்கு மேல் போகும், வட அட்லாண்டிக் கொஞ்சம் ஆட்டும். அப்பா தாங்குவார் என்றால் நான் கிரீன்லாந்துதான் சொல்வேன். இவ்வளவு தூரம் போய் ஏரிக்கரையில் நிமிர்ந்து பார்த்துவிட்டு வருவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நார்வேக்கும் வடக்கே இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகள் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2025இலிருந்து அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது. பெரிய கப்பலில் போனால் நல்ல பனியாறுகள் இருக்கும் பக்கமே நெருங்க மாட்டீர்கள். யூடியூபில் பார்க்கும் முக்கால்வாசிப் பனியாறு அலாஸ்காவில் இருக்கிறது, அந்தக் கப்பல்கள் சியாட்டிலிலும் வான்கூவரிலும் கிளம்புகின்றன. நமக்கு அது வேறு உலகம்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போல வரை குறையலாம், அதுதான் டாக்டரின் பயம். 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து விமானத்துக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்துதான் வேண்டாம் என்றாரா என்று ஒரு தடவை கேளுங்கள். செய்திருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே போனபோது அப்பாவுக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். கப்பலில் கடல்மட்டம்தான், கவலை இல்லை. ஆனால் நார்வேயில் கரை இறங்கினால் மலை உச்சிக்குப் போகும் டூர்களை விற்பார்கள். கெய்ராங்கர் பக்கம் டால்ஸ்னிப்பா கிட்டத்தட்ட 1,500 மீட்டர். அவை அப்பாவுக்கு வேண்டாம்.

உயரத்தைவிடக் குளிர்தான் எனக்குக் கவலை. பனியிலிருந்து இறங்கும் காற்று வறண்டு, சில்லென்று முகத்தில் அறையும். சிஓபிடி உள்ளவருக்கு மூச்சுக்குழாய் உடனே இறுகும். வெளியே போவதற்கு முன் இன்ஹேலர், மூக்கையும் வாயையும் மூடி ஒரு மெல்லிய கம்பளி மஃப்ளர், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே. பால்கனி கேபின் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள், இவருக்கு அது அவசியம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, வேண்டும்போது கதவைத் திறந்தால் போதும். கப்பலின் நடுப்பகுதியில், நடுத்தட்டுகளில் எடுங்கள், ஆட்டம் குறைவு.

ஆக்சிஜன் மெஷின் கொண்டுவருவதைப் பதிவு செய்யும்போதே சொல்லியாக வேண்டும். ஏறும் நாளில் சொன்னால் இறக்கிவிட உரிமை உண்டு அவர்களுக்கு. மெடிக்கல் எய்ட் என்கிற நம் மருத்துவத் திட்டங்களின் வெளிநாட்டுக் காப்பீடு பலவற்றில் 90 நாளோடு முடிந்துவிடும். உங்கள் பயணம் ஆறு மாதத்தைத் தாண்டும், தனியாக நீண்டகாலப் பயணக் காப்பீடு எடுத்து, சிஓபிடி என்று எழுதிக் கொடுத்தே வாங்குங்கள். மறைத்து வாங்கிய காப்பீடு இருந்தும் இல்லாததுதான். சைவச் சாப்பாடும், முட்டை கூடாது என்பதும் பதிவிலேயே இருக்கட்டும். வீட்டில் சமைத்ததை ஏற்ற விட மாட்டார்கள். கடையில் சீல் வைத்த ஊறுகாய் பாட்டிலுக்குப் பெரும்பாலும் தடை இல்லை.

கப்பலில் போவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. இந்த மாதிரிக் கப்பல் ஒரு ஆளுக்கு எரிக்கும் எண்ணெய் விமானத்தைவிடக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவின் நுரையீரல் ஒன்றே போதுமான காரணம்.

திரும்பும் வழி: அக்டோபர், நவம்பரில் இத்தாலிப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு இடம் மாறும் கப்பல். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், வருமா என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும். ஜெனோவா என்று வைத்துக்கொண்டால் லண்டன், பாரிஸ், சூரிக், மிலான் வழியாக ரயிலிலேயே போகலாம். ஆல்ப்ஸ் மலையை எப்படித் தாண்டுவது என்று பயப்பட வேண்டாம். 2016இல் திறந்த கோத்தார்டு அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர், அதன் மிக உயர்ந்த இடமே 549 மீட்டர்தான். ரயிலைப் பகலில், இரண்டு நாளாகப் பிரித்துப் போங்கள். இந்தக் கப்பல் உறுதியாகாமல் மற்ற எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். முதலில் திரும்பும் கப்பல், பிறகு போகும் கப்பல், கடைசியாகப் பனியாறு. ஜனங்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சவுத்தாம்ப்டனில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்கிறார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இந்தக் கோடையில் டர்பனில் கப்பல் ஓடினால் அப்பாவை மூன்று நான்கு இரவுப் பயணம் ஒன்றில் கூட்டிப்போய் வாருங்கள். ஆட்டம் ஒத்துக்கொள்கிறதா, நீண்ட நடைபாதையில் மூச்சு வாங்காமல் சாப்பாட்டு ஹாலுக்குப் போக முடிகிறதா என்று தெரிந்துவிடும். ஆக்சிஜன் மெஷினையும் கொண்டுபோங்கள். நம் ஊர் மூன்று பின் பிளக் பெரும்பாலான கப்பல்களில் பொருந்தாது, வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா, இல்லையென்றால் வயர் யாரிடம் கேட்டு வாங்குவது என்பதையும் அந்தப் பயணத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.